காலையில் மட்டும் உதறும் கார்

டிசம்பர் 10, செவ்வாய்

பனி. தொண்டைக் கட்டு. இந்தக் கார் வந்த வருஷத்தை எண்ணால் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் பார்க்காதவன், எழுத்தே பஸ் பலகை பார்த்துக் கூட்டியதுதான். குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூழ்கடித்த வருஷம். ரேஷன் அரிசிக்கு விடியுமுன் வரிசை நின்ற வருஷம். அதே ஐப்பசியில் என் மூத்தவள் பிறந்தாள். தூத்துக்குடியிலிருந்து மழையோடு ஓட்டி வந்து சார் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அன்றிலிருந்து நான்தான் டிரைவர்.

இப்போது சார் இல்லை. டீச்சரம்மா மட்டும். சனிக்கிழமை சென்னையிலிருந்து மகன் வந்து அவர்களைக் கையோடு கூட்டிப் போகிறார். கார் இரும்புக் கடைக்கு. அதற்குமுன் வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பயணம்: ஆழ்வார்குறிச்சி. இரண்டு பேரும் வேலை பார்த்த பள்ளிக்கூடம். காலை மணி அடிக்கும்போது அங்கே நிற்க வேண்டுமாம்.

கார்தான் கெடுக்கிறது. விடியற்காலம் ஸ்டார்ட் ஆகும்; ஆக்சிலேட்டரை விட்டால் உதறி, இருமி, நின்றுவிடும். சூடேறிவிட்டால் ஒரு குறையும் இல்லை. மகன் போனில்: உதறுகிற வண்டியில் அம்மாவை ஏற்ற வேண்டாம், டாக்ஸி சொல்லுகிறேன். டாக்ஸி என்றால் போகவே வேண்டாம் என்று டீச்சரம்மா போனை வைத்துவிட்டார்கள்.

பிளக் நாலையும் கழற்றித் துடைத்தேன். கரி. இதுதான் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 11, புதன்

பிளக் இல்லை. அதே உதறல்.

கண் சொட்டு மருந்து தீர்ந்தது. வாங்க வேண்டும்.

கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்டி வைத்தேன். முன்னொரு மார்கழியில் பாபநாசம் போகிற வழியில் அப்படித்தான் சரியானது. சார் மரத்தடியில் பேப்பர் படித்தார், டீச்சரம்மா பிளாஸ்க்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றினார்கள். இன்று கறுப்புப் புகைதான் மிச்சம். அடுக்களை வரை நாற்றம். வேலைக்கு வரும் மேரி மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். பழைய அளவுக்கே திருப்பி வைத்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

மேகம். நாளை போக வேண்டும்.

படுக்கையிலேயே தோன்றியது. குளிர்ந்தால் உதறல், சூடானால் சரி. எங்கோ இரும்புக்கு நடுவே அடைக்கிற பேக்கிங் தாள் சுருங்கி இஞ்சின் வெளிக்காற்றை இழுக்கிறது. சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்கிறது. உஸ் என்று கேட்கும். என் காதுக்கு எங்கே கேட்க? புகை காட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

ஊதுபத்தி கேட்டேன்.

"நம்ம வீட்டுல என்னைக்கு ஊதுபத்தி இருந்துச்சு?" என்றார்கள் டீச்சரம்மா. வாஸ்தவம். எங்கள் மாதா கோயிலில் தூபம் உண்டு, அவர்கள் சபையில் கிடையாது. பீடி இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த வளவுக்குள் பற்றவைத்ததே இல்லை, மதிலுக்கு வெளியேதான்.

"சட்டைப் பையில இருக்கத எடும் சவரி. வெளிய போய்க் குடிக்கது எனக்குத் தெரியாதாக்கும். பத்த வையும்."

பெட்ரோல் பக்கத்தில் நெருப்பு. மேரி ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்க, டீச்சரம்மா மணல் வாளியோடு பக்கத்தில். ஊதினேன். கார்புரேட்டருக்கு அடியில் ஓர் இடத்தில் புகை மேலே போகாமல் வளைந்து உள்ளே போனது. "இங்கன பாரும், குடிக்குது" என்றார்கள்.

வண்ணார்பேட்டையில் பேக்கிங் கேட்டேன். கடைக்காரர்: "அந்த வண்டி இன்னும் ஓடுதா அண்ணாச்சி?"

"ஓடுது வே. நிக்கதுதான் சீக்கு."

கிடைக்கவில்லை. தாளாக வாங்கி, நானே வெட்டி மாட்டினேன்.

டிசம்பர் 13, வெள்ளி

இருட்டோடு போனேன். பானட் ஜில். சாவி போட்டு, ஆக்சிலேட்டரை விட்டேன். நிற்கவில்லை, உதறவும் இல்லை. கண்ணாடியில் பனித்துளி உருளாமல் அப்படியே.

டீச்சரம்மா பட்டுச் சேலை. சேரன்மகாதேவி தாண்டியதும் பழசை நினைத்துத் தானாகச் சிரித்தார்கள். ஆழ்வார்குறிச்சியில் இருந்தபோது பனிக்காலம் முழுக்கத் தள்ளித்தான் இது கிளம்பும். வாட்ச்மேன் இசக்கி ஒரு பக்கம். கணக்கு வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டி ஒரு பக்கம். தோட்டக்காரர் தாவீது. சேலையைச் செருகிக்கொண்டு சமையல்காரப் பூரணம். கிளம்பியதும் அத்தனை பேரும் மூச்சிரைக்க நின்று கை காட்டுவார்கள்.

"தள்ளுன ஆளுகளையெல்லாம் இன்னைக்குப் பாத்துரணும் சவரி. யாரு யாரு இருக்காக?"

சார் போனதிலிருந்து அந்தப் பக்கத்துச் சாவு எதையும் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. நானும்தான்.

அம்பாசமுத்திரம் தாண்டி ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டி நின்ற இடத்தில் இஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. வண்டியைக் கவனிக்கிறேன் என்று சாக்குச் சொல்ல உதறலும் இல்லை.

இசக்கி இல்லை என்றேன். வாத்தியார் இல்லை. தாவீதும்.

கண்ணாடியில் அவர்கள் முகம். "அப்போ?"

"பூரணம் மட்டும் இருக்கா டீச்சரம்மா."