பியூலா சொன்ன உண்மை

அன்புள்ள அப்பாவுக்கு உங்கள் கெட்சி வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் ராஞ்சி மிஷனில் நலமாக இருக்கிறேன். பீங்கான் சூளைச் சூட்டில் உங்களுக்கு வந்த கண் எரிச்சல் குறைந்ததா?

மலைக்கிராமத்து ஊழியத்துக்கு என்னை அனுப்பவில்லை அப்பா, பியூலாவை அனுப்பிவிட்டார்கள். பெரிய விஷயமில்லை, கவலைப்படாதீர்கள்.

போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது, "ஆண்டவரு என்னை நெசமாவே கூப்பிட்டாரான்னு பயமா இருக்குது" என்று அவளிடம் அழுதேன். நம் விருத்தாசலத்துப் பெண், ஒரே அறையில் இருப்பவள் என்றுதான் சொன்னேன். அதை அவள் தேர்வுக் குழுவிடம் சொல்லிவிட்டாள். அழைப்பில் உறுதி இல்லாதவளை அனுப்ப முடியாது என்றார்கள்.

கேட்டால், "நான் பொய்யா சொன்னேன் கெட்சி? நீ சொன்னதத்தானே சொன்னேன்" என்று துணி மடித்துக்கொண்டே சொன்னாள். காய்ச்சல் விட்டதும் நான் மறுபடி ஆஸ்பத்திரி ஊழியத்துக்குப் போனதை மட்டும் அவள் சொல்லவில்லை.

வழியனுப்பும் ஜெபத்தை என்னைத்தான் செய்யச் சொன்னார்கள். அவள் தலையில் கை வைத்தேன், வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளுக்காக ஜெபித்தேன். அங்கே வார்த்தை வந்தது. ஆண்டவர் என்னைத் தள்ளவில்லை அப்பா. அவளை மன்னிக்கத்தான் இன்னும் முடியவில்லை.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். கொஞ்சம் போதும், இப்போது அறையில் நான் ஒருத்திதான். ஞாயிறு ஆராதனையில் பியூலாவின் அம்மாவைப் பார்த்தால் எதுவும் கேட்டுவிடாதீர்கள். மகளை நினைத்து அவர்களாவது சந்தோஷமாக இருக்கட்டும்.

மணி அடித்துவிட்டது, போயிட்டு வரேன்ப்பா.

கெட்சியாள்