தண்ணி ஏறாத மேடு

அம்மாவுக்கு சிங்காரம் வணங்கி எழுதுவது. நான் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா?

நான் வண்டி ஓட்டும் கோயம்புத்தூர் சுற்றுலா கம்பெனி, நம்ம ஏரிக்கரையில் ஆட்கள் தங்கக் கூடாரம் போட இடம் தேடுகிறது. "எந்த மழைக்கும் முழுகாத இடம் எதுப்பா?" என்று மேனேஜர் கேட்டார்.

"தெற்கு மேடு சார். அங்க தண்ணியே ஏறாது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அதனால்தான் நம் ஊரில் அங்கே புதைக்கிறோம் என்பது, அவர் வரைபடத்தில் வட்டம் போட்ட பிறகுதான் உறைத்தது. உடனே சொன்னேன். அவர் செல்போனில் அந்த மேட்டின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு கல்லுகூட இல்லையே, வெறும் மணல்தானே" என்றார்.

வெள்ளிக்கிழமை அளக்க வருகிறார்கள். நீ பயப்படாதே, ஊர்ப் பெரியவர்களிடம் சொல். அதற்குள் நைனா தலைமாட்டில் ஒரு கல் நட்டுவிடு. வருகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பு.

சவாரிக்குக் கூப்பிடுகிறார்கள். கல் நட்டதும் போட்டோ அனுப்பம்மா. புதைத்த அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. நைனா அங்கே எந்த இடத்தில் இருக்கிறார் என்று எனக்கும் தெரியாது.