தட்டைத் தட்டிக் கூப்பிட்டவன்

14 ஜூலை 2025, திங்கள்

கணபதி வைத்திருந்தபோது பெய்த மழையில் மாட்டுங்கா, தாராவி எல்லாம் இடுப்பளவு தண்ணீர் நின்ற வருஷம். அடுத்த மாசமே எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் பாலத்தில் சனம் நெரிந்து செத்தது. அந்த வருஷம் தீபாவளி கழிந்த பிறகுதான் என் மகன் மாரிக்கண்ணன் செத்தான். சர்வேக்கு வந்த பையனிடம் இப்படித்தான் சொன்னேன். "சால் போலோ காகா, சால்" என்று அவன் வருஷத்தைக் கேட்டுப் பல்லைக் கடித்தான். செல்வி உள்ளேயிருந்து, "ரெண்டாயிரத்துப் பதினேழு" என்றாள். இசக்கிசெல்வி என் மருமகள், மாரியின் பெண்டாட்டி.

பையன் வாசல் நிலையில் சிவப்பு பெயின்ட்டால் நம்பர் போட்டுவிட்டுப் போனான். சந்து முழுக்க இடிப்பார்களாம். எங்கே வீடு கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. தூரத்தில் மான்குர்த் என்கிறார்கள் சிலர்.

வீடு போய்விட்டால் மாரி எங்கே வருவான்?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசினால் இந்தப் போனே எழுதிக்கொள்கிறது. ரேடியோ செய்தி மாதிரிப் பேசினால் தப்பில்லாமல் எழுதும் என்று செல்வி சொன்னாள். அப்படித்தான் பேசுகிறேன்.

16 ஜூலை, புதன்

மாட்டுங்காவில் ஒரு டூர் கம்பெனி. அதில் நான் பெரிய சமையல்காரன், கலீலுல்லா இரண்டாம் ஆள், மாரி எங்களுக்குக் கையாள். வெளிநாடு போனாலும் டூர் வருகிற நம் பார்ட்டிகளுக்கு நம் சாப்பாடுதான் வேண்டும். அதனால் சமையல்காரர்களையும் கூடவே கூட்டிப்போவார்கள். வருஷா வருஷம் தீபாவளி லீவில் தென்னாப்பிரிக்கா. சிங்கம், கடல் எல்லாம் பார்த்து முடித்தபின் சண்டை நடந்த இடங்கள். ஒரு நாள், போயர்கள் என்கிற அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் இங்கிலீஷ்காரனைச் சுட்டுத் தள்ளிய மலை. இன்னொரு நாள் இசாண்ட்ல்வானா. ஜுலு சனம் ஈட்டியோடு வந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தை ஒரே பகலில் முடித்த இடம்.

அந்த மலை, படுத்திருக்கிற சிங்கம் மாதிரி. அடியில் புல்வெளி. புல்லுக்குள் அங்கங்கே வெள்ளையடித்த கல் குவியல், கீழே செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். கைடு டுமிசானி ஜுலு. என்னை பாபா என்பான், அவன் பாஷையிலும் அப்பாவுக்கு அதுதானாம். "உங்க ஆளுங்களுக்குக் கல் எங்கேப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க ஆளுங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம், பாபா."

அப்போது எனக்கு விளங்கவில்லை.

வேலிக்கு வெளியே, பஸ் நிற்கிற இடத்தில் ஒரு முள் மரம். அதன் பக்கத்தில் எங்கள் அடுப்பு. சாப்பாடு தயாரானதும் மாரி எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே புல்வெளியில் இறங்குவான். "சலோ சலோ, கானா தயார்!" பார்ட்டிகள் சிரித்துக்கொண்டே வருவார்கள்.

அன்றைக்கு மலைக்குப் பின்னால் வானம் கறுத்தது. டுமிசானி பார்ட்டிகளையெல்லாம் பஸ்ஸில் ஏற்றினான். நானும் கலீலுல்லாவும் வெளியே அடுப்படியில் நின்றோம். ஒரு கிழவரும் கிழவியும் மட்டும் தூரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாரி தட்டைத் தட்டிக்கொண்டு போனான். அவர்கள் ஓடிவந்து பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். இவன் பின்னால் நடந்து வந்தான். மரத்துக்கிட்ட வரும்போது —

போதும் இன்றைக்கு.

17 ஜூலை

இடி. வேறு என்ன சொல்ல. தட்டு கையிலேயே இருந்தது.

20 ஜூலை, ஞாயிறு

டர்பன் பட்டணத்துத் தமிழ்ச் சனம் ஓடிவந்து கூட நின்றார்கள். அங்கேயே எரித்தோம். சாம்பலைக் கொண்டுவந்து இங்கே பாணகங்காக் குளத்தில் கரைத்தேன். ஆனால் கிளம்பும்போது டுமிசானி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது காதை விட்டுப் போகவில்லை. "சாம்பல் வேற, ஆள் வேற, பாபா. ஆள் அங்கேயேதான் நிக்கிறான். நீ கூப்பிடாம வர மாட்டான்."

ஜுலுக்களின் வழக்கம் இது. செத்த இடத்தில் அந்த ஜாதி முள் மரத்திலிருந்து ஒரு கொப்பு ஒடிக்க வேண்டும். மரம் நம் இலந்தை மாதிரியே இருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கொப்பை வைத்திருக்கிறவர் வீடு சேரும் வரை வேறு யாரோடும் பேசக் கூடாது, கொப்போடு மட்டும் பேசலாம். ஆறு வந்தால் ஆறு என்று சொல்ல வேண்டும், வண்டி மாறினால் வண்டி மாறுகிறோம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வழியிலேயே நின்றுவிடுவானாம்.

நான் போக முடியாது. மாரி போன கையோடு இருதயத்தில் குழாய் வைத்தபின் விமானம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செல்விக்கு பாஸ்போர்ட் கிடையாது.

9 ஆகஸ்ட், சனி

சுஷ்மா வந்திருந்தாள். மாட்டுங்காப் பெண், எங்கள் கம்பெனியில் டூர் மேனேஜர். அன்றைக்கு அந்த பஸ்ஸில் அவளும் இருந்தாள். இந்தத் தீபாவளிக்கும் போகிறாள். கொப்பைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன்.

"வாயைத் திறக்காம வரணுமா அண்ணா? எனக்குச் சம்பளமே வாய்க்குத்தான்."

"முடியாதுன்னா சொல்லிரும்மா."

சுஷ்மா போனில் டூர் தேதிகளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சண்டை நடந்த இடத்தைக் கடைசி நாளுக்கு மாத்திடறேன். மைக்கை என் அசிஸ்டென்ட் அனந்த்கிட்ட குடுத்துட்டு, மேடம் மௌன விரதம்னு சொல்லச் சொல்றேன். குரூப்புல பாதிப் பேர் என் கால்லயே விழுந்துடுவா."

"முள்ளுக் கொப்ப ஏர்போர்ட்ல புடுங்கிருவாம்லா?" என்றாள் செல்வி.

"கொண்டைல சொருகிக்கறேன். கேட்டா ஹேர்பின்."

செல்வி சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாயிற்று.

2 செப்டம்பர், செவ்வாய்

டுமிசானியிடம் என் அரைகுறை இங்கிலீஷில் போனில் பேசினேன். குரல் மெலிந்திருந்தது. சர்க்கரை, காலில் புண் என்றான். மாரி விழுந்த இடத்தில் அன்றைக்கே நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு கல் வைத்தோம். டுமிசானி, கலீலுல்லா, நான். அதற்குப் பிறகு வருகிற எல்லாக் கூட்டத்துக்கும், "இங்கே பம்பாய்ச் சமையல்காரன் ஒருத்தன் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே செத்தான்" என்று அவன் சொல்வானாம். அவர்களும் ஒரு கல் வைப்பார்களாம். இப்போது குவியல் இடுப்புக்கு வந்துவிட்டதாம்.

"சுஷ்மாவை அனுப்பு பாபா. கொப்பை நானே ஒடிச்சுத் தரேன்."

21 செப்டம்பர், ஞாயிறு

டுமிசானி செத்துவிட்டான். அவன் மகள் போன் செய்தாள். அவள் இங்கிலீஷில் அழுதாள், நான் தமிழில் அழுதேன்.

22 செப்டம்பர்

அவன் ஆஸ்பத்திரியில் செத்தான். அவனைக் கூப்பிட்டு வர அவன் ஆட்கள் கொப்போடு போயிருப்பார்கள். கேட்க மறந்துபோனேன்.

18 அக்டோபர், சனி

சுஷ்மாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். மரம் அவளுக்குத் தெரியும். "பேர் சொல்லிக் கூப்பிட்டும் மனசுக்குச் சரியாகப் படலேன்னா, தட்டைத் தட்டும்மா. அது அவனுக்குப் பழகின சத்தம்" என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினாள். இப்போதே பழகுகிறாள் போலிருக்கிறது.

1 நவம்பர், சனி

அனந்த் போன் செய்தான். "காலைல மேடம் மரத்தடில தட்டைத் தட்டினாங்க, தாத்தா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் ஒரு வார்த்தை பேசலை. ஏர்போர்ட்ல நிக்கறோம்."

செல்வி வீட்டைக் கழுவிவிட்டாள். இடிக்கப் போகிற வீடு.

2 நவம்பர், ஞாயிறு

நான் சந்து முனையில் நின்றேன். சுஷ்மா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது, கொண்டையில் கொப்பு. பக்கத்து வீட்டு அக்தர் பானு, "ஆவோ பேட்டி, கப் ஆயீ?" என்றாள், எப்போது வந்தாய் என்று. இவள் திரும்பவே இல்லை. அக்தர் பானுவின் முகம் சுருங்கிப்போனது. பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

சுஷ்மா முணுமுணுத்துக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தாள். "மாரி, இது உங்க சந்து. சாக்கடை மேல பலகை போட்டிருக்கு, பாத்து வா. குனிஞ்சுக்கோ, பைப்பு தொங்கறது. இதோ உங்க வீடு வந்துடுத்து."

செல்வி வாசலில் நின்றாள். கொப்பை இரண்டு கையாலும் வாங்கினாள். முள் குத்தியிருக்கும், கையை இழுக்கவில்லை.

"வந்துட்டியளா? கை கழுவிட்டு வாங்க. சோறு ஆறுது."

நான் வெளியே வந்து பைப்படியில் நின்றேன்.

சாப்பிட்டு முடித்த பிறகு சுஷ்மா கேட்டாள். "அண்ணா, இப்போ பேசலாமா?"

3 நவம்பர், திங்கள்

சுஷ்மா சொன்னதை இன்றைக்குத்தான் சொல்ல முடிகிறது.

புது கைடு சின்னப் பையனாம். டுமிசானியின் பேச்சைப் பாதி கேட்டிருக்கிறான், மீதியைச் சேர்த்துக்கொண்டான். அவன் கதையில் மாரி, வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்த பம்பாய்ச் சமையல்காரனாம். ஜுலுக்கள் வருவதைப் பார்த்து, தட்டைத் தட்டிப் பட்டாளத்தை எழுப்பினானாம். கையில் தட்டோடு ஈட்டி குத்திச் செத்தானாம். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல் வைத்தார்களாம்.

"நான் அப்பத்தான் கொப்பை ஒடிச்சுட்டேன் அண்ணா. வாயைத் திறந்தா மாரி அங்கயே நின்னுடுவான். பொய்யைக் கேட்டுண்டு, பல்லைக் கடிச்சுண்டு நின்னேன்."

எனக்கு ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. என் மகன் பட்டாளத்து ஆளாகிவிட்டான். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "அவிய சண்டைக்கா போனாவ, மாமா? சோத்துக்குக் கூப்பிடத்தான போனாவ. அதச் சொன்னா கல்லு வைக்க மாட்டாவளோ? டுமிசானி அண்ணன் ஜுலுதான. அவிய ஆளுவளே எங்க வீட்டாள ஈட்டியால குத்துனாவன்னு சொன்னா, அந்தப் புண்ணியவான் தாங்குவானா?"

நான் அதை யோசிக்கவில்லை.

"நான் அந்தக் கைடுக்கு எழுதி அனுப்பறேன். ஆனா நீ பாத்தியானு கேப்பான்" என்றாள் சுஷ்மா. "நான் பஸ்ஸுக்குள்ள இருந்தேன். கண்ணாடி முழுக்க மழை. வெளில நின்னவா சொல்லணும்."

9 நவம்பர், ஞாயிறு

தை மாசம் காலி செய்யச் சொல்கிறார்கள். கொப்பு பரண் மேல் இருக்கிறது. இலை உதிர்ந்துவிட்டது, முள் இருக்கிறது. கிளம்பும்போது மாரியிடம் சொல்ல வேண்டும். மான்குர்த் என்றால் மான்குர்த் என்று. செல்வி சொல்லிக்கொள்வாள்.

அக்தர் பானுவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு தட்டில் கீர்ப் பாயசம் கொண்டுவந்து பரணுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

இனி சொல்வது சுஷ்மா அனுப்புவதற்கு.

என் மகன் பேர் மாரிக்கண்ணன். ஊர் பம்பாய் தாராவி. சமையலில் கையாள். அவன் எந்தப் பட்டாளத்திலும் இல்லை. அவனை யாரும் குத்தவில்லை. ஒரு கிழவரும் கிழவியும் சாப்பிட வராமல் மழையில் மாட்டிக்கொள்வார்களே என்று தட்டைத் தட்டிக் கூப்பிடப் போனான். அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவன்மேல் இடி விழுந்தது. நான் போட்ட பூரி அப்போதும் உப்பலாகத்தான் இருந்தது. ஜுலு டுமிசானிதான் முதலில் ஓடிப்போய் அவனை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டான். இதையும் சொல்ல வேண்டும்.

வெளியே நின்று பார்த்தது மூன்று பேர். கலீலுல்லா, கொரோனாவில் போய்விட்டான். டுமிசானி, இந்தப் புரட்டாசியில் போனான். இன்னும் உயிரோடு இருக்கிறவன் நான், மாரியின் அப்பன் அய்யாத்துரை.