கிணற்றுப் படம் போட்ட இரண்டாவது புத்தகம்

சார்,

போன வாரம் தகரப் பெட்டியைக் காலி செய்து துணிகளை வெயிலில் போட்டேன். அடியில் அந்தப் புத்தகம் இருந்தது. பாச்சை உருண்டை வாசனை ஏறி, அட்டை பழுப்பாகிவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக, வீடு மாறும்போதெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நீங்கள் ஏற்கெனவே படித்த புத்தகத்தின் இன்னொரு பிரதி என்றே நினைத்திருந்தேன். இந்தத் தடவை அட்டையைச் சும்மா பார்த்துவிட்டு வைக்க முடியவில்லை. எழுத்து கண்ணில் பட்டால் வாய் தானாகக் கூட்ட ஆரம்பித்துவிடுகிறது. கிணற்றுப் படத்துக்குக் கீழே சின்னதாக இருந்ததைக் கூட்டினேன். இரண்டாம் பாகம்.

நான் படிக்கக் கற்றுக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது, சார். மாதா கோயில் ஹாலில் முதியோர்களுக்கு வகுப்பு நடக்கிறது. முதன்முதலில் என் பெயரை எழுதிய அன்று, சந்தேகத்துக்கு இன்னும் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் பெயரே வந்தது. பஸ் போர்டு, மருந்து அட்டை, சுவரில் ‘நோட்டீஸ் ஒட்டாதே’ என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸ், எதையும் விடுவதில்லை. இந்த மடலை ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வீதம் எழுதுகிறேன்.

நான் உங்கள் வீட்டுக்குச் சலவைத் துணி எடுக்க வந்தபோதே உங்கள் கால்கள் விளங்காமல் போயிருந்தன. ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் வேலையை விட்டு, கிழக்குத் தாம்பரத்து வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தீர்கள். டீச்சரம்மா, உங்கள் மனைவி, காலையில் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். நடுவில் உங்களுக்கு இருந்தது பேய்க்கதை ஒன்றுதான். அதிலும் பெரிய பத்திரிகைகளில் வருவது உங்களுக்குப் பிடிக்காது.

“அதுல வர பேய்ங்க ஆபீஸ் போறவங்க மாதிரி மரியாதையா நடந்துக்குதுப்பா. பயமே வரல” என்பீர்கள்.

எழுதினவரே சொந்தமாக அச்சடித்து, சைக்கிள் கேரியரில் கட்டி வந்து போட்டுவிட்டுப் போகும் மெல்லிய புத்தகங்கள்தான் உங்களுக்கு வேண்டும். அவை எந்தக் கடைக்கும் ஒழுங்காக வராது. ஸ்டேஷன் மேம்பாலப் படிக்குக் கீழே சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்றவரிடம் வந்தால் உண்டு. “வாங்கிட்டு வரியா? உனக்குப் படிக்கத் தெரியுமில்ல?” என்று கேட்டீர்கள். “ஏதோ தெரியும் சார்” என்றேன். புது வீடு, படித்த மனுஷர். வாயில் அப்படித்தான் வந்தது.

எனக்கு அது பெரிய சிரமமாகவும் தெரியவில்லை. நாற்பது வீட்டுத் துணி என்னிடம் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. மூலையில் சேங்கொட்டை மையால் இரண்டு புள்ளி, ஒரு கோடு, இப்படி. ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை. அதே கண்ணால் அட்டைப் படங்களையும் பார்த்துக்கொண்டேன். மண்டையோடு வாங்கியாயிற்று. தலைவிரி கோலம் வாங்கியாயிற்று. வாங்கிய படத்தை மறுபடி தொடமாட்டேன். டீச்சரம்மாவுக்குப் பேய்ப் புத்தகம் ஆகாது என்பதால், பெட்டிபோட்ட உங்கள் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து கொடுப்பேன்.

கிணற்றுப் படம் வந்தது ஒரு ஆவணி மாதம். நீங்கள் அதை இரண்டே நாளில் முடித்துவிட்டு, நான் வரும்வரை காத்திருந்தீர்கள். தூர் வாரக் கிணற்றில் இறங்கியவர்கள் மூன்று பேர். கணக்கப்பிள்ளை மேலே நின்று எண்ணுகிறார். ஏறி வந்தவர்கள் நாலு பேர். அத்தோடு முதல் பாகம் முடிந்துவிட்டது.

“நாலாவது ஆள் யாரா இருக்கும்? நீ என்ன நினைக்கிற?”

“வீட்டுக்காரரா இருக்கும் சார்” என்றேன், புத்தகத்தைப் படித்தவன் மாதிரி.

“சேச்சே. முன்னால செத்த வேலைக்காரன். பாரேன், அவன்தான்.”

அதற்குப் பிறகு வேறு எந்தப் புத்தகத்திலும் உங்களுக்கு மனசு போகவில்லை. கொண்டுவந்ததைப் பாதியில் மூடி வைத்துவிடுவீர்கள். என்னைக் கண்டதும் கேட்பது ஒன்றே ஒன்று. நானும் வாரம் தவறாமல் மேம்பாலத்துக்குப் போய்ப் புத்தகக்காரரிடம் கேட்டேன்.

“ரெண்டாம் பாகம் வந்துச்சா?”

“இன்னா நைனா, வாராவாரம் இதே பாட்டு. கெணறு ஒண்ணுதான் கீது. அதான் வாங்கிகினு பூட்டியே.”

“அது மொத பாகம்.”

“ஆமா, அதத்தான் சொல்றேன். வந்தா நான் சொல்ல மாட்டேனா?”

அவருக்கும் படிக்கத் தெரியாது. புத்தகங்களில் பாதியைத் தலைகீழாக அடுக்கியிருப்பார் என்று மற்றவர்கள் சொல்லிச் சிரித்தது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் எட்டியது. எழுதியவருக்கு அட்டைப் படம் அச்சடிக்க இன்னொரு பிளாக் செய்ய வசதியில்லை போலும். இரண்டு பாகத்துக்கும் ஒரே கிணறு. தெரியாதவர்கள் இரண்டு பேர், தெரிந்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு நின்றோம். புத்தகம் எங்கள் காலடியில் கிடந்தது.

மாசி மாதம் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு நாள் துணியை எண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வேறு மாதிரி கேட்டீர்கள்.

“அந்தக் கிணத்துப் படம் கடையில இன்னும் இருக்கா?”

“நாலஞ்சு கிடக்கு சார். அதான் நாம படிச்சாச்சே.”

“எப்பலேருந்து கிடக்கு?”

“தீபாவளிக்கு அப்புறம் ஒரு கட்டு வந்துது.”

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பினீர்கள். என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு, “என்கிட்ட இருக்கறது கிழிஞ்சுபோச்சுப்பா. அதே படம் போட்டது இன்னொண்ணு வாங்கிட்டு வா” என்றீர்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. படித்த கதைக்கே இன்னொரு புத்தகமா? சரி, படுத்திருப்பவருடைய ஆசை.

மூன்றாம் நாள் சட்டைகளுக்கு நடுவே அதை வைத்து எடுத்துவந்தேன். கதவு பூட்டியிருந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நீங்கள் திரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து டீச்சரம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். மெத்தைக்கு அடியில் இருந்த புத்தகமெல்லாம் மேசைமேல் இருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“ஏன் முழிக்கற? பெட்டிபோட்ட சட்டை வயித்துல மட்டும் உப்பிட்டு இருந்தா எனக்குத் தெரியாதா? அவருக்கு அதுல ஒரு திருட்டு சந்தோஷம், இருக்கட்டும்னு விட்டேன். எடுத்துட்டுப் போ.”

“கிழிஞ்சது மட்டும் வேணாம்மா, புதுசு என்கிட்ட இருக்கு” என்றேன்.

“கிழிஞ்சதா? அவர் பக்கத்தைக்கூட மடிக்க மாட்டார்.”

மேலாக இருந்தது கிணற்றுப் படம். புரட்டிப் பார்த்தேன். ஒரு கிழிசல் இல்லை. எதற்காகச் சார் பொய் சொன்னார் என்று அன்று யோசித்தேன். விடை கிடைக்காமல் விட்டுவிட்டேன். அந்தப் புத்தகங்கள் எல்லாம் ஏதோ ஒரு வெள்ளத்தில் போயின. என் பெட்டியில் இருந்த இது மட்டும் தப்பித்தது.

“உனக்குப் படிக்கத் தெரியாதா?” என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெயரைச் சீட்டில் எழுதி, “யார்கிட்டயாவது காட்டி வாங்கு” என்று அனுப்பியிருக்கலாம். அந்தக் கதைக்காக ஆறு மாதம் காத்திருந்த நீங்கள், உடம்பு அந்த நிலையில் இருந்தபோது, என் முகம் வாடாமல் கேட்பதற்கு ஒரு வழி தேடியிருக்கிறீர்கள். நான் உங்களிடம் ஒருநாளும் சொல்லாததை என் கையாலேயே எழுதுகிறேன்: எனக்கு அப்போது படிக்கத் தெரியாது, சார். உங்களிடம் தெரியும் என்று சொன்னது பொய்.

இப்போது கதைக்கு வருகிறேன். தினம் மூன்று பக்கம் கூட்டிப் படித்து நேற்று முடித்தேன். நீங்கள் சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு. நாலாவதாக ஏறி வந்தது, மேலே நின்று எண்ணிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளையேதான். எட்டிப் பார்த்தபோதே உள்ளே விழுந்துவிட்டார். விழுந்து செத்தது தெரியாமல் அவர் இன்னும் மேலேயே நிற்கிறார். தன் முகமே கிணற்றிலிருந்து ஏறி வருவதை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கடைசி வரியை நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன் சார். ‘முகம்’ என்று கூடி வர வர எனக்கு முதுகு சில்லிட்டது. பகல் பதினோரு மணி, தெருவில் கீரைக்காரி சத்தம். எழுந்து போய்க் கதவைத் தாழ்போட்டுவிட்டு, அதில் சாய்ந்து நின்று சிரித்தேன்.