பூஜ்யம் உள்ளே இருந்தால்

இன்று காலை பேருந்து நிலைய டீக்கடைத் தொலைக்காட்சியில் கருத்துக்கணிப்பு ஓடிக்கொண்டிருந்தது. போன மாதத்தைவிட ஆளுங்கட்சிக்கு ஆதரவு சில புள்ளிகள் கூடிவிட்டதாம். செய்தி வாசித்தவருக்கு அப்படியொரு பூரிப்பு. நீ இருந்திருந்தால் தொலைக்காட்சியையே வைதிருப்பாய் என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. டீ ஆறிப்போயிருந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம், பிறகு உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றுக்குக் கணிப்பு எடுத்துக் கொடுத்தோம். வீடு வீடாகக் கேட்பது என் வேலை, கணக்கு உன் வேலை. விசைத்தறித் தெருவில் தறி ஓடும்போது போனால் கேள்வியும் விளங்காது, பதிலும் விளங்காது. அதனால் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில்தான் இருவரும் சேர்ந்து போவோம். ஒருமுறை அவசரப்பட்டுத் தறி ஓடும் நாளில் தனியாகப் போய்விட்டேன். ஆண்கள் எல்லோரும் தறியில் நிற்க, வாசலில் இருந்த பெண்களிடம் மட்டும் கேட்டு வந்தேன்.

"ஏட்டி, போன தடவ கேட்ட கூட்டம் வேற, இது வேற. இத ரெண்டையும் வச்சு ஊரு மாறிட்டுன்னு சொல்லுவியா?" என்றாய். அடுத்த மின்தடைக்கு மறுபடி போகவைத்தாய்.

ஒழுங்காகக் கேட்டு வந்தாலும் நீ லேசில் விடமாட்டாய். எண் கூடியிருந்தால் பத்திரிகை ஆசிரியர், "அப்ப ஏறுமுகம்னு தலைப்பு போட்டுருதேன்" என்பார்.

"பொறுங்க அண்ணாச்சி. நாம கேட்டது கொஞ்ச பேரு. வேற கொஞ்ச பேரக் கேட்டிருந்தா வேற நம்பர் வந்திருக்கும். ரெண்டு மாசத்து வித்தியாசத்துக்கு ஒரு நம்பிக்கை இடைவெளி போடுதேன், நெசமான வித்தியாசம் இந்த நம்பருல இருந்து இந்த நம்பருக்குள்ள இருக்கலாம்னு. அதுக்குள்ள பூஜ்யம் இருந்தா ஒண்ணும் மாறாமலும் இருந்திருக்கலாம், கூடிட்டுன்னு சொல்ல முடியாது."

"அப்ப மாறலைன்னு போடவா?"

"அதுவும் சொல்ல முடியாது."

அவர் தலையில் கை வைத்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

பிறகு நீ படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் பார்க்கும்போதெல்லாம் உன் எடை குறைந்திருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. உன் கணக்கையே உன்னிடம் நீட்டினேன். இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் பூஜ்யம் உள்ளேதான் இருக்கும், குறைந்துவிட்டதென்று யாரும் சொல்ல முடியாது என்றேன். நீ சிரித்தாய்.

"அது கொஞ்ச பேரக் கேட்டு ஊரச் சொல்லுததுக்கு மக்கா. இங்கன ஊரே நான் ஒருத்திதான். முழுசா என்னையத்தான நிறுத்துப் பாக்காவ."

நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் தேறிருவேன்னே சொல்லுதாவ. கேட்டுக் கேட்டு தனியா இருக்க மாதிரி இருக்கு. குறையுதுன்னு நீயாவது சொல்லு."

"குறையுது" என்றேன். நீ "ம்" என்றாய். என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாய்.

இப்போதும் கணிப்பு எடுக்கிறேன், கணக்கும் நானே போடுகிறேன். பூஜ்யம் உள்ளே இருந்தால், தெரியவில்லை என்றே எழுதிக் கொடுக்கிறேன். ஆசிரியர் வாதாடுவதில்லை. விசைத்தறித் தெருவில்தான், "கூட ஒரு அக்கா வருவாவளே, எங்க?" என்று கேட்கிறார்கள். வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்லிவிடலாம். சொல்வதில்லை. "செத்துப்போயிட்டா" என்கிறேன். குரல்கூட மாறுவதில்லை. அடுத்த கேள்விக்குப் போகிறேன்.