உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை

உன்னை எழுப்பினால் நேற்றைய சண்டையும் சேர்ந்து எழுந்துகொள்ளும். அதனால் எழுதி வைக்கிறேன். பால் காய்ச்சியாயிற்று.

பதினொரு மணிக்கு வாத்தியார் தன் பழைய சிவப்பு சைக்கிளை எடுக்க வீட்டுக்கு வருவார். முன்சக்கரத்தை இறுக்கும் லீவரைக் கழற்றி, கெட்டித்துப்போன கிரீஸைத் துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டிவிட்டேன். அதை நட்டு மாதிரித் திருகித்தான் போன தடவை சக்கரம் ஆடியது. மடக்கி அழுத்தச் சொல். உள்ளங்கையில் தடம் விழவேண்டும்.

அப்பாவிடம் சொல்லியாயிற்றா என்று நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. கடையை விட்டுப் போகிறேன் என்று சொல்லத்தான் நேற்றும் வாயைத் திறந்தேன். “மாப்பிள்ளை, இந்தக் கை வேற யாருக்கு வரும்?” என்று துருப்பிடித்த லீவர்களை ஒரு டப்பா நிறைய என் மடியில் வைத்துவிட்டார். தலையில் கட்டுவதில் எங்கள் வீட்டு வியாபாரிகள் எல்லாரும் உன் அப்பாவிடம் பிச்சை வாங்கவேண்டும். ஆறு வருஷமாக ஒரு டப்பா முடியுமுன் அடுத்தது வருகிறது.

புது வேலைக்குச் சம்மதம் சொல்ல இன்று மாலைதான் கெடு.

இன்னொன்று: சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். இந்தச் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, நீயே அந்த ஆபீஸில் கொண்டுபோய்க் கொடு. கொடுத்ததும் கடைக்குப் போன் பண்ணு. உன் அப்பாதான் எடுப்பார், அவரிடமே சொல்லிவிடு. நான் பக்கத்தில்தான் நிற்பேன். ஓடமாட்டேன்.