பதினேழாம் எண் பாட்டில்

மார்ச் 4

பல்கலைக்கழக ஆய்வுக்கு நானும் நாத்தனாரும் பேர் கொடுத்தாச்சு. நெடுந்தூரம் ஓடுறவங்க வயிற்றுக்கு நல்ல பாக்டீரியா உதவுதான்னு பார்க்கிறாங்களாம். பன்னிரண்டு வாரம், தினம் ஒரு மாத்திரை. என் பாட்டில் பதினேழு, அவளுடையது பதினெட்டு. பாதிப் பேருக்கு பாக்டீரியா, பாதிப் பேருக்கு வெறும் மாவு. "யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது" என்றாள் ஆய்வுக்காரப் பெண்.

போன வருஷ மாரத்தானை நினைச்சா இன்னும் கூசுது. இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில் வயிறு கலக்கி, பெட்ரோல் பங்க் கழிப்பறையில் அரை மணி நேரம். வெளியே இவள். "அண்ணி, அவசரமே இல்ல. நான் இங்கதான் இருக்கேன்." அவள் காலில் இன்னும் தெம்பு இருந்தது. எனக்காக நின்னுட்டா. இந்த வருஷம் அப்படி ஆகக் கூடாது. வேறெதுவும் வேண்டாம் எனக்கு.

மார்ச் 22

இருபது கிலோமீட்டர். ரெண்டு தடவை புதர் தேடி ஓட்டம். அவளுக்கு ஒண்ணுமே இல்லை. கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறு! எனக்கு வந்தது மாவுதான். ஒரு மாத்திரையைப் பொடிச்சு நாக்கில் வெச்சும் பார்த்தேன். மாவேதான். பாக்டீரியா எப்படி ருசிக்கும்னு எனக்கென்ன தெரியும், அது வேற விஷயம்.

மார்ச் 23

நாத்தனார்கிட்ட வாய்விட்டே கேட்டுட்டேன்: மாத்திரையை மாத்திக்கலாமா? தன் பாட்டிலை எடுத்துப் புரட்டிப் பார்த்தா. அப்புறம், "குடுங்க அண்ணி. நம்பர் அப்படியே இருக்கட்டும், உள்ள இருக்கிறதை மட்டும் மாத்திப் போட்டுத் தரேன்." ரெண்டு பாட்டிலையும் எடுத்துக்கிட்டு சமையலறைக்குப் போனா. தங்கமான பொண்ணு.

ஏப்ரல் 12

இருபத்தாறு! வயிறு வாயே திறக்கல!

வாரப் படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் மாத்திரைகளை மட்டுமே எடுத்துக்கொண்டீர்களா? 'ஆம்'னு டிக் போட்டேன்.

மே 2

நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்னிக்கு ஒரு லென்ஸை மறுபடி வெட்டினேன். அதோட அச்சுக்கோணம் ரெண்டு டிகிரி தப்பு. முதலாளி கவனிக்கல, எனக்குத்தான் மனசு கேட்கல. ரெண்டு டிகிரிக்கு இப்படிப் பதறுறவ, அந்த ஆய்வுக்காரப் பொண்ணோட மூணு வருஷ உழைப்பில் மண்ணைப் போட்டுட்டு வாராவாரம் டிக் அடிக்கிறேன். நானெல்லாம் ஒரு மனுஷியா?

மே 5

போய்ச் சொல்லிட்டேன். ஆய்வுக்காரப் பொண்ணு பேனாவைக் கீழே வெச்சா. "அப்ப உங்க ரெண்டு பேரையும் ஆய்விலேருந்து எடுத்துடணும்." திட்டியிருக்கலாம். திட்டல.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாருக்கு போன் போட்டேன்.

"அய்யோ அண்ணி... நான் மாத்தவே இல்லையே."

"என்னது?"

"பாட்டிலை அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன். அந்தப் பொண்ணும் பாவம், நீங்களும் பாவம். நான் வேற என்ன பண்றது?"

பட்டுனு போனை வெச்சுட்டேன். ஆறு வாரம்! ஆறு வாரமா என்னை முட்டாளாக்கியிருக்கா. அதே மாத்திரை, அதே வயிறு. அப்ப சரியானது எதனால? பாக்டீரியா மெதுவா வேலை செஞ்சுதா? இப்பல்லாம் ஓடறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே சாப்பிட்டு முடிச்சதாலயா? இல்ல — பயம் போனதாலயா?

மே 6

அவளும் நேரில் போய்ச் சொல்லியிருக்கா. "நிஜமா மாத்தலையே?"ன்னு அந்தப் பொண்ணு மூணு தடவை கேட்டாளாம். எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கிட்டு, ரெண்டு பேரையும் இப்போதைக்கு ஆய்விலேயே விட்டு வெச்சிருக்காளாம். என் மானத்தையும் காப்பாத்தி, தானும் நேர்மையா இருந்திருக்கா. அதுதான் எரியுது எனக்கு.

மே 9

சமாதானம். ஒரே ஒரு நிபந்தனை: மாரத்தான் அன்னிக்கு எனக்கு என்ன ஆனாலும் அவ நிக்கக் கூடாது. சத்தியம் வாங்கிட்டேன்.

ஜூன் 7

மாரத்தான். சொல்லி வெச்ச மாதிரி இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில் வயித்தைப் பிடிச்சது. "போடி"ன்னேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனா. பெட்ரோல் பங்கைப் பார்த்தேன். உள்ளே போகல. நடந்தேன், மூச்சு விட்டேன், மறுபடி நடந்தேன். வயிறு மெல்ல விட்டுக் கொடுத்தது. அஞ்சு மணி நாற்பது நிமிஷம். கடைசியில் கை தட்டக்கூட ஆள் இல்லை. ஆனா முடிச்சேன்!

அவளைத்தான் காணோம். தண்ணீர் கொடுத்த பெண் கழிப்பறைப் பக்கம் கை காட்டினாள். கல்லைச் செரிக்கிற வயிறாம்! கதவைத் தட்டினேன்.

"அண்ணியா? முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன்டி. நீ?"

"முடிச்சேன்... அதோட சரி. நீங்க கிளம்புங்க, எனக்கு நேரமாகும்."

கதவோரமா தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழட்டினேன்.

"அவசரமே இல்ல"ன்னேன். "நான் இங்கதான் இருக்கேன்."